தங்கை தேடிய களம்: கொங்குக் கதையும் கிரேக்கக் கதையும்



பிறந்த பிள்ளையைப் பார்க்கத் தகப்பன் ஒருவன் போர்க்களத்திலிருந்து நேரே வருகிறான். சூடிய போர்ப்பூ இன்னும் தலையில் இருக்கிறது; பட்ட காயம் ஆறவில்லை. பகைவரைப் பார்த்துச் சிவந்த கண், தொட்டிலில் கிடக்கும் மகனைப் பார்த்த பிறகும் சிவப்பு மாறவில்லை என்கிறார் பக்கத்தில் நின்று பார்த்த புலவர். தகப்பன் தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி. மகன் பொகுட்டெழினி. புலவர் ஔவையார். புறநானூற்றின் நூறாம் பாட்டு இது.

ஹோமரின் இலியட் காவியத்தில், ஆறாம் பகுதியில், இன்னொரு தகப்பன் வருகிறான். டிராய் நகரத்து இளவரசன் ஹெக்டர், களத்துக்குத் திரும்பும் முன் மனைவி ஆந்த்ரோமக்கியையும் கைக்குழந்தை அஸ்தியானக்ஸையும் பார்க்க வாசலில் நிற்கிறான். வெண்கலத் தலைச்சீராவையும் அதன் உச்சியில் ஆடும் குதிரைமயிரையும் கண்டு குழந்தை வீறிட்டு அழுது தாதியின் மார்பில் முகம் புதைக்கிறது. அப்பாவும் அம்மாவும் சிரித்துவிடுகிறார்கள். ஹெக்டர் தலைச்சீராவைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குகிறான்.

ஒருவன் போரைக் கழற்றி வைத்துவிட்டு மகனை அணைக்கிறான். இன்னொருவன் போரோடேயே மகன் முன்னால் நிற்கிறான். ஔவையார் அதைக் குறையாகச் சொல்லவில்லை. வீரத்தின் உச்சமாகச் சொல்கிறார். இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் படிக்கிறவருக்கு ஒன்று புலப்படும். பழைய போர்க்கதைகளில் வாளும் வேலும் எங்கும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. வீடும் உறவும் களத்துக்குள் நுழையும் இடத்தில்தான் ஒரு நாட்டின் கதை இன்னொரு நாட்டின் கதையிலிருந்து பிரிகிறது. கிரேக்கக் கதை எந்த உறவைப் பிடித்துக்கொண்டு அழுகிறது, சேலம் நாமக்கல் சமவெளியின் கதை எந்த உறவைப் பிடித்துக்கொண்டு அழுகிறது என்பதே இந்தச் சொற்பொழிவின் பொருள்.

தகடூர் என்பது இன்றைய தருமபுரி. 1965 அக்டோபர் 2 வரை அது சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. நாமக்கல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 1997 ஜனவரி 1 முதல். நாமக்கல் மலையைக் குடைந்து எட்டாம் நூற்றாண்டளவில் செய்த திருமால் குடைவரைக்கு அதியேந்திர விஷ்ணுகிருகம் என்று கல்வெட்டிலேயே பெயர் இருக்கிறது. அதைச் செய்வித்த குணசீலன் தன்னை அதியர் குலத்தவன் என்று சொல்லிக்கொள்கிறான். ஆகவே அதியமான் இந்தச் சமவெளிக்கு வெளியூர்க்காரன் இல்லை.

கிரேக்கரும் அவ்வளவு தூரத்தவர் இல்லை. அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளை, எல்லைக்கு அப்பால் உள்ள அரசுகளை அடுக்கும்போது சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாமிரபரணி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டுவந்து, அதே மூச்சில் அந்தியோகன் என்னும் யவன அரசனையும் சொல்கிறது. அந்தச் சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் வெகுகாலம் வாதாடினார்கள். 1981இல் திருக்கோவிலூருக்குப் பக்கத்தில் ஜம்பை என்ற ஊரில் கிடைத்த தமிழ் பிராமிக் கல்வெட்டு, ‘சதியபுதோ’ என்ற பட்டத்தோடு அதியன் நெடுமான் அஞ்சியின் பெயரைச் சொல்லி வாதத்தை முடித்துவைத்தது. ஔவை பாடிய அதியர் குடியும், அலெக்சாந்தருக்குப் பின் வந்த கிரேக்க அரசர் குடியும் ஒரே கல்லில் அடுத்தடுத்து நிற்கின்றன.

இரண்டு இலக்கியத்தையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும் வேலையை முறையாகத் தொடங்கியவர் ஈழத்து அறிஞர் க. கைலாசபதி. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், கிரேக்க இலக்கிய ஆய்வாளர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்தார். சங்கப் பாட்டை வீரயுகப் பாட்டாகக் கண்டு அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூலை 1968இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்டது. பாணரும் பொருநரும் வாய்மொழியாகப் பாடியதன் தடம் சங்கச் செய்யுளின் சொல்லாட்சியில் இருக்கிறது என்பது அவருடைய வாதத்தின் மையம். அதை ஏற்காதவர்களும் உண்டு. ஆனால் அந்த நூலுக்குப் பிறகு புறநானூற்றை இலியட்டின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது விநோதமான காரியமாக இல்லாமல் போனது. கைலாசபதி தொட்ட இடம் சங்கம். அவர் தொடாத இடம், இன்றும் கொங்கு ஊர்களில் உடுக்கை அடித்துப் பாடப்படும் கதை. அதற்கு வருமுன், கொல்லிமலையைச் சுற்றி நடந்த பழைய போர்களை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

கொல்லியை ஆண்டவன் வல்வில் ஓரி. அவனைக் கொன்றவன் திருக்கோவலூர் மலையமான் திருமுடிக்காரி. கொன்று மலையைத் தான் வைத்துக்கொள்ளவில்லை, சேரனுக்குக் கொடுத்தான். பிறகு காரியின் கோவலூரை அதியமான் அழித்தான். பிறகு அதியமானின் தகடூரைப் பெருஞ்சேரல் இரும்பொறை அழித்தான். அந்தப் போரைப் பாடிய தகடூர் யாத்திரை முழுதாகக் கிடைக்கவில்லை. உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டியதும் புறத்திரட்டில் தொகுத்ததுமான செய்யுள்களே மிச்சம். டிராய்ப் போரைப் பாடிய காவியங்களிலும் பல அப்படித்தான் போயின. இலியட்டும் ஒடிசியும் முழுதாகத் தப்பின. அவற்றுக்கு முன்னும் பின்னும் நடந்ததைச் சொன்ன மற்றவை சுருக்கங்களாகவும் துணுக்குகளாகவும்தான் இருக்கின்றன. கொல்லப்பட்ட ஓரியை மலை மறக்கவில்லை; ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் கொல்லிமலையில் அரசு நடத்தும் ஓரி விழாவுக்குப் போகிறவர்கள், செம்மேட்டில் குதிரைமேல் இருக்கும் ஓரியின் சிலையைப் பார்த்திருப்பார்கள்.

தோற்றவனின் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? எந்தப் போர்க்கதையையும் உரசிப் பார்க்க இந்தக் கேள்வி ஒன்று போதும். ஹெக்டர் தலைச்சீராவைக் கழற்றித் தூக்கிய அந்தக் குழந்தையை, டிராய் விழுந்த பிறகு கிரேக்கர் மதில்மேலிருந்து கீழே எறிந்து கொன்றார்கள். யூரிப்பிடீஸ் அதை நாடகமாக்கி ஏதென்ஸ் மக்கள் முன் நடத்தியது கி.மு. 415இல். அதற்குச் சற்று முன்புதான் ஏதென்ஸ் படை மீலோஸ் தீவை வென்று, ஆண்களைக் கொன்று, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்றிருந்தது. நாடகம் பார்த்தவர்களுக்கு அது பழங்கதையாக இருந்திருக்க முடியாது. தமிழிலும் அப்படி ஒரு நாள் வந்தது. மலையமான் குடிப் பிள்ளைகளை யானைக் காலில் இட்டுக் கொல்லச் சோழன் கிள்ளிவளவன் உத்தரவிட்டான். யானையைக் கண்ட வியப்பில் பிள்ளைகள் அழுகையை மறந்துவிட்டார்கள் என்றும், புதிய மன்றத்தைப் பார்த்து மிரண்டு நிற்கிறார்கள் என்றும் கோவூர்கிழார் அரசனுக்குச் சொன்னார். பிள்ளைகளைக் காப்பாற்றிய பாட்டாகவே தமிழ்மரபு அதைப் போற்றிவருகிறது. அஸ்தியானக்ஸ் பக்கம் பேச அன்று ஒரு புலவன் இல்லை.

சங்கப் பாட்டில் இல்லாத ஒன்று இலியட்டில் நிறைந்து கிடக்கிறது: களத்துக்குள் இறங்கும் தெய்வம். புறநானூற்றுப் போரில் எந்தக் கடவுளும் யார் பக்கமும் நின்று அம்பு தொடுப்பதில்லை. கொற்றவை வழிபாடு உண்டு, முருகன் பெயர் உவமையில் வரும். ஆனால் அஞ்சியின் வேலைத் திசைதிருப்ப வானத்திலிருந்து யாரும் வருவதில்லை. வீரன் செத்தபின் அவனே தெய்வமாகிறான். கல்லைத் தேர்ந்து, எடுத்துவந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்துவதைத் தொல்காப்பியம் ஆறு நிலையாக வகுத்துச் சொல்கிறது. தருமபுரி, செங்கம் வட்டாரங்களில் கிடைத்த நடுகற்களில் ஆநிரை மீட்டுச் செத்தவன் பெயரும், அவன் யாருடைய சேவகன் என்பதும் பொறித்திருக்கும். செங்கம் பக்கத்து எடுத்தனூரில் ஒரு கல், மகேந்திரவர்மன் காலத்தது. அதில் வீரனோடு அவன் நாய்க்கும் உருவமும் பெயரும் உண்டு. நாயின் பெயர் கோவிவன். திருடர் இருவரைக் கடித்துவிட்டுத் தலைவன் உடலுக்குக் காவல் நின்றதாம். இருபது ஆண்டு கழித்து மாறுவேடத்தில் திரும்பிய ஒடிசியூசை முதலில் அடையாளம் கண்டு, வாலை ஆட்டிவிட்டு உயிர்விட்ட ஆர்கோஸ் என்ற கிழநாயை ஹோமர் மறக்கவில்லை. எடுத்தனூர்க் கல்தச்சனும் மறக்கவில்லை.

அண்ணன்மார் கதையில் தெய்வங்கள் திரும்ப வந்துவிடுகின்றன. கொங்கில் இந்தக் கதை தெரியாத ஊர் குறைவு. பொன்னர் சங்கர் கதை, குன்னுடையான் கதை, அண்ணன்மார் சாமி கதை என்று பல பெயர். குன்னுடையாக் கவுண்டர் பங்காளிகளால் நிலத்தை இழந்து, அலைந்து, மீண்டு வந்தவர். அவர் மனைவி தாமரை நாச்சியார் பிள்ளை வரம் கேட்டுப் பெருந்தவம் இருக்கிறார். சிவன் வரம் தருகிறார்; பொன்னர், சங்கர் என்று இரண்டு ஆண், அருக்காணித் தங்காள் என்று ஒரு பெண். அண்ணன்மாருக்கு ஆயுள் பதினாறு என்று வரத்திலேயே முடிவு எழுதியிருக்கிறது. மாயவராகிய திருமால் ஆபத்தில் வந்து காக்கிறார், வேளை வந்ததும் அவரே வந்து முடிக்கிறார். வீரப்பூரில் பெரியகாண்டியம்மன் காத்திருக்கிறாள்.

குறைந்த ஆயுள், பெரிய புகழ் என்ற கணக்கு டிராயில் போரிட்ட கிரேக்க வீரன் அக்கிலீஸுக்கும் உண்டு. ஊருக்குத் திரும்பினால் நீண்ட வாழ்வு, இங்கேயே நின்றால் அழியாப் பெயர் என்று அவன் தாய் தெடிஸ் சொல்லியிருக்கிறாள். ஒரு வேறுபாடு கவனிக்க வேண்டியது. அக்கிலீஸுக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தது. பொன்னர் சங்கருக்கு இல்லை. பிறப்பதற்கு முன்பே, தாய் ஏந்திய மடியில் பிள்ளையோடு சேர்த்துச் சாவும் விழுந்துவிட்டது. ஆகவே அண்ணன்மார் கதையில் வீரம் என்பது முடிவெடுப்பது இல்லை, கொடுத்த நாளைக் கெடுக்காமல் வாழ்வது.

போர் எப்படி மூண்டது? தங்காள் கிளி கேட்டாள். அண்ணன்மார் வேட்டுவர் காட்டுக்குப் போய்ச் சோடிக்கிளியில் ஒன்றைப் பிடித்துவந்தார்கள். பிரிந்த கிளி வேட்டுவரிடம் முறையிட்டது. அதிலிருந்து பகை. பாடகருக்குப் பாடகர் இந்த இடம் மாறும்; ஆனால் தங்கையின் ஆசை, சோடி பிரிந்த துயரம், அயலாரின் காட்டுக்குள் அத்துமீறல் என்ற மூன்றும் கிளிக்குள் இருக்கின்றன. ஹெலன் என்ற பெண்ணைக் கவர்ந்துபோனதில் டிராய்ப் போர் தொடங்கியதாகக் கிரேக்கர் சொன்னார்கள். கொங்கில் கவர்ந்தது கிளி. கவர்ந்தவர்களும் நம் கதாநாயகர்கள்தான். இந்த நேர்மையை உடுக்கைப் பாடகர்கள் மறைத்துப் பாடியதில்லை.

அடுத்து வருவது கொம்பன். வயலை உழுதுபோட்டு, பயிரை அழித்து, அண்ணன்மாரின் பொன்னிவளநாட்டைக் கலங்கடிக்கும் காட்டுப்பன்றி. சில பாடங்களில் அதை ஏவியவள் வேட்டுவர் வீட்டுத் தங்கை வீரத்தங்காள். இந்தப் பக்கம் ஒரு தங்கை என்றால் அந்தப் பக்கமும் ஒரு தங்கை. பெரிய வேட்டைநாய்களால் ஆகாத காரியத்தைப் பொன்னாச்சி என்ற சின்னப் பெட்டைநாய் செய்கிறது. பன்றியைப் பின்னாலிருந்து கவ்வித் தடுமாற வைக்கிறது; சங்கர் ஈட்டியால் முடிக்கிறான்.

கிரேக்கத்திலும் ஒரு பன்றி உண்டு. காலிடோன் அரசன் ஈனியஸ் அறுவடைப் படையலில் எல்லாத் தெய்வத்துக்கும் கொடுத்துவிட்டு ஆர்ட்டெமிசை மறந்துபோனான். அவள் ஏவிய பன்றி வயலையும் தோட்டத்தையும் அழித்தது. அரசன் மகன் மெலியாகர் அதைக் கொன்றான். கதை அங்கே முடிந்திருந்தால் வேட்டைக்கதை. கொன்ற பன்றியின் தலையும் தோலும் யாருக்கு என்ற சண்டையில் அவன் தன் தாய்மாமனைக் கொன்றுவிட்டான். தாய் அல்தேயா மண்டியிட்டு, தரையைக் கையால் அடித்து அடித்து, தான் பெற்ற மகனுக்குச் சாவு வர வேண்டும் என்று பாதாளத் தெய்வங்களைக் கூப்பிட்டாள். வேறொரு பாடத்தில், மகன் பிறந்த அன்று அவன் உயிரைத் தாங்குவது என்று சொல்லப்பட்ட அடுப்புக் கட்டையை அவள் பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்தாள். அதை எடுத்து மறுபடி நெருப்பில் போட்டுவிட்டாள்.

பெற்ற மகனா, உடன்பிறந்தவனா? இந்தக் கேள்வியைக் கொங்கு மண்ணில் கேட்டால் யாரும் உடனே பதில் சொல்லிவிட மாட்டார்கள். தாய்மாமன் சீர் இல்லாமல் நடக்கும் நல்லது கெட்டது இங்கே உண்டா? கொங்கு வேளாளர் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒரு சடங்கு. மணமகனோடு சேர்ந்து உட்காருவது மணப்பெண் இல்லை. அவனுடைய அக்காளோ தங்கையோ. தாலி கட்டுவதற்கு முன்பே, உடன்பிறந்தவளின் உரிமை இன்னும் அப்படியே இருக்கிறது என்று சடங்கை நடத்தும் அருமைக்காரர் முன்னிலையில் ஊரறியச் சொல்லிவிடுகிறார்கள். அண்ணன்மார் கதையைக் கேட்டு வளர்ந்த சமூகம் இந்தச் சீரைச் செய்கிறதா, இந்தச் சீரைச் செய்யும் சமூகத்தில் அந்தக் கதை பிறந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

கதையில் பொன்னருக்கும் சங்கருக்கும் மனைவியர் உண்டு. தனி மாளிகையில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். கணவரோடு வாழ்ந்தவர்களாகக் கதை அவர்களைக் காட்டுவதே இல்லை. ஊஞ்சலில் இருப்பவள் தங்கை, கனாக் கண்டு பதறுபவள் தங்கை, போகாதே என்று தடுப்பவள் தங்கை. ஹெக்டரைத் தடுப்பவள் ஆந்த்ரோமக்கி. தன் தந்தையையும் ஏழு சகோதரர்களையும் அக்கிலீஸ் கொன்றுவிட்டான், தாயும் போய்விட்டாள், இனித் தனக்குத் தகப்பனும் தாயும் அண்ணனும் கணவனும் நீ ஒருவனே என்று அவள் மன்றாடுகிறாள். கிரேக்கக் கதை இழந்த உறவுகளை எல்லாம் மனைவி என்ற ஒரே இடத்தில் குவிக்கிறது. கொங்குக் கதை தங்கையிடம் குவிக்கிறது.

கிரேக்கத்தில் தங்கைகளே இல்லையா என்றால், இருக்கிறார்கள். ஹெலனே ஒரு தங்கைதான். காஸ்டர், பொலிடியூசஸ் என்ற இரட்டையர் அவளுடைய அண்ணன்மார். டிராய் மதில்மேல் நின்று, கீழே நிற்கும் கிரேக்கத் தலைவர்களை மாமனார் பிரயமுக்கு ஒவ்வொருவராக அடையாளம் காட்டுகிறாள் ஹெலன். எல்லாரும் தெரிகிறார்கள், அந்த இரண்டு பேர் மட்டும் தெரியவில்லை. தன்னால் வந்த அவமானத்துக்கு வெட்கப்பட்டு வராமல் இருந்துவிட்டார்களோ என்று நினைக்கிறாள். அவர்களை ஊர் மண் எப்போதோ மூடிவிட்டது என்பது கேட்கிறவர்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. ஹோமர் இதற்குச் சில அடிகள்தான் ஒதுக்கினார். மாடு பிரிக்கும் தகராறில் பங்காளிகள் இருவரோடு மூண்ட சண்டையில் காஸ்டர் செத்தான் என்றும், சாகாவரம் பெற்றிருந்த பொலிடியூசஸ் அந்த வரத்தில் பாதியைச் செத்த உடன்பிறப்புக்குக் கொடுத்தான் என்றும் பிண்டார் பாடினார். தம்பி சங்கர் இறந்ததும், அவன் இல்லாத உலகம் வேண்டாம் என்று வாளை எடுத்த பொன்னரின் மனம் பொலிடியூசசுக்கும் இருந்தது.

சோபக்கிளீசின் அந்திகோனி இன்னும் தெளிவாகப் பேசுகிறாள். அரசனின் தடையை மீறி அண்ணனுக்கு மண் போட்டவள் அவள். கணவன் செத்தால் வேறு கணவன் வரலாம், பிள்ளை செத்தால் வேறு பிள்ளை பிறக்கலாம், தாயும் தகப்பனும் போய்விட்ட பிறகு இன்னொரு உடன்பிறப்பு எங்கிருந்து வருவான் என்று காரணம் சொல்கிறாள். ஜெர்மானியப் பெருங்கவிஞர் கதேவுக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. இது சோபக்கிளீஸ் எழுதியதாக இருக்கக் கூடாது, யாராவது அறிஞர் இடைச்செருகல் என்று நிரூபித்தால் நல்லது என்று 1827இல் தன் நண்பர் எக்கர்மனிடம் சொன்னார். கதேவின் காதுக்கு ஒட்டாத அந்த நியாயம், அண்ணன்மார் களத்தில் விழும் படுகளக் கட்டத்தைக் கேட்டுப் பழகிய பாட்டிமார்களுக்கு ஒரு நொடியும் விநோதமாகப் படாது. அந்திகோனியைப் புரிந்துகொள்ள ஐரோப்பிய உரைகளைவிட நாமக்கல் பக்கத்து உடுக்கைப்பாட்டு நன்றாக உதவும் என்று துணிந்தே சொல்லலாம்.

இனிச் சாவு. தெய்வம் வீரனை எப்படி முடிக்கிறது என்பதில் இரண்டு மரபும் தங்கள் உள்ளத்தைத் திறந்து காட்டுகின்றன. ஹெக்டர் அக்கிலீசுக்கு முன் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறான். அப்போது தம்பி டெய்ஃபபஸ் வந்து பக்கத்தில் நிற்கிறான். சேர்ந்து சண்டை போடுவோம் என்கிறான். நம்பி நின்ற ஹெக்டர் ஈட்டியை எறிகிறான், அது அக்கிலீசின் கேடயத்தில் பட்டுத் தெறிக்கிறது, இன்னொரு ஈட்டி கேட்டுத் திரும்புகிறான். தம்பி இல்லை. வந்தது தம்பி முகத்தில் அதீனா. எதிரிக்கு உதவ வந்த தெய்வம் எடுத்துக்கொண்ட வேடம் உடன்பிறப்பின் முகம் என்பதைவிடக் கொடுமையான கற்பனை உலக இலக்கியத்தில் அதிகம் இல்லை.

சங்கரை முடிக்க வரும் மாயவர் அப்படிச் செய்வதில்லை. மறைந்திருந்து ஓர் அம்பு விடுகிறார். அது கொல்வதற்காக விட்ட அம்பு இல்லை, நாள் முடிந்தது என்ற செய்தி. சங்கர் புரிந்துகொள்கிறான். வாளை நட்டு அதன்மேல் சாய்கிறான். ஐயாஸ் என்ற கிரேக்க வீரனும் வாளை மண்ணில் நட்டு விழுந்தவன்தான். ஆனால் அவன் விழுந்தது அவமானம் தாங்காமல். சங்கர் விழுவதில் கோபமும் இல்லை, அவமானமும் இல்லை. கூடவே இருந்த உதவியாளன் சாம்புவனும் சாகிறான். தம்பியைத் தேடி வந்த பொன்னரும் அவ்விதமே முடித்துக்கொள்கிறார்.

மகன் சாவதைத் தடுக்க முடியாத தெய்வங்கள் கிரேக்கத்தில் நிறைய. ஜீயஸ் தன் மகன் சர்ப்பிடோனைத் தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்று யோசிக்கிறார். ஹீரா, நீ தொடங்கினால் ஒவ்வொரு தெய்வமும் தன் பிள்ளையைக் காப்பாற்றக் கிளம்பும் என்கிறாள். தேவர்களின் தலைவனால் செய்ய முடிந்தது, ரத்தத் துளிகளை மழையாகப் பெய்ததும், உடலை ஊர் கொண்டுசேர்க்கத் தூக்கத்தையும் சாவையும் அனுப்பியதும்தான். கடலில் வாழும் தெடிஸ் மகனுக்குப் புதுக் கவசம் வாங்கித் தந்தாள். உயிரை வாங்கித் தர முடியவில்லை.

தங்காள் தெய்வம் இல்லை. அழுதுகொண்டே காடு மேடெல்லாம் அலைகிறாள். அரண்மனைக்குத் தீ வைத்துவிட்டுத்தான் அவள் புறப்பட்டாள் என்று பாடுகிறவர்கள் உண்டு. பெரியகாண்டியம்மன் வழிகாட்ட, பிணங்களுக்கு நடுவே அண்ணன்மாரைக் கண்டுபிடிக்கிறாள். தீர்த்தம் தெளிக்கிறாள். அவர்கள் எழுந்து உட்கார்ந்து தங்கையோடு பேசுகிறார்கள். ஜீயஸால் ஆகாதது, தெடிஸால் ஆகாதது, ஓர் ஊர்ப்பெண்ணால் ஆகிறது. அதோடு கதை சுபமாக முடிவதில்லை. தங்கள் காலம் முடிந்தது என்று அண்ணன்மார் சொல்லிவிட்டு மறுபடி படுக்கிறார்கள். எழுப்பும் அதிகாரத்தைத் தங்கைக்குக் கொடுத்த கதை, வைத்துக்கொள்ளும் அதிகாரத்தைக் கொடுக்கவில்லை.

இதைப் பாடுவதோடு கொங்கு நிற்கவில்லை. மணப்பாறைக்குப் பக்கத்து வீரப்பூரில் மாசித் திருவிழாவிலும், ஊர்ப்புறத்து அண்ணமார் கோயில்களிலும் படுகளம் நடக்கும். உடுக்கைக்காரர் அந்தக் கட்டத்துக்கு வரும்போது அருள் வந்த ஆண்கள் கட்டையாகக் கீழே விழுவார்கள். பிணத்தைப் போல வரிசையாகக் கிடத்தி வேட்டி போர்த்துவார்கள். வீட்டுப் பெண்கள் உண்மையாகவே அழுவார்கள். பாட்டா, நிஜமா என்று கேட்க யாருக்கும் தோன்றாது. பிறகு தீர்த்தம் தெளிக்கப்படும், விழுந்தவர்கள் ஒவ்வொருவராக எழுவார்கள். கிரேக்கரும் வீரர் கல்லறைகளில் பலி கொடுத்தார்கள், ஸ்பார்ட்டாவுக்கு வெளியே ஹெலனுக்கும் அவள் கணவன் மெனலாசுக்கும் கோயில் கட்டிக் கும்பிட்டார்கள். அந்த வழிபாடு நின்று ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. கொங்கில் நிற்கவில்லை.

ஹோமர் பெரியவராக உயர்ந்து நிற்கும் ஓர் இடத்தையும் சொல்லியாக வேண்டும். கிரேக்கர் பக்கத்துக் கவி அவர். ஆனால் இலியட் முடிவது எதிரி ஹெக்டரின் இழவு வீட்டில். மகனைக் கொன்ற கையை முத்தமிட்டுப் பிணத்தைக் கேட்கும் கிழவன் பிரயமைப் பார்த்து, கொன்றவன் தன் தகப்பனை நினைத்து அழுகிறான். ஆந்த்ரோமக்கியும் தாய் ஹெக்குபாவும் ஹெலனும் முறையாக ஒப்பாரி வைக்கிறார்கள். அண்ணன்மார் கதையில் வேட்டுவர் தலைவன் தலையூர் காளிக்கும் செத்த வேட்டுவருக்கும் அப்படி ஓர் இழவு வீடு இல்லை. காட்டை இழந்தது அவர்கள், கிளியை இழந்தது அவர்கள். உழவர் வென்ற கதையை உழவர் பக்கத்திலிருந்து பாடிய பாட்டு அது. சாம்புவனும் அண்ணன்மாரோடு செத்தவன்தான். பல கோயில்களில் அவனுக்கும் சிலை உண்டு, ஆனால் அவன் நிற்கும் இடம் வேறு. கதையை நேசிக்கிறவர்கள் இந்தக் குறையைப் பார்க்க மறுத்தால் நேசம் பாதிதான். வீரத்தங்காள் அழுதாளா என்று ஒரு பாடகராவது பாடியிருக்கிறாரா என்பது தேடிப் பார்க்க வேண்டிய விஷயம்.

தேடியவர்களின் வரலாறும் சுவையானது. மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞர், ஹோமர் எப்படிப் பாடியிருப்பார் என்று அறிய 1933 முதல் 1935 வரை யுகோஸ்லாவியக் கிராமங்களில் வாய்மொழிப் பாடகர்களைப் பதிவு செய்தார். எழுதப் படிக்கத் தெரியாத பாடகன் பல்லாயிரம் அடிகளை மனப்பாடம் செய்வதில்லை, ஆயத்தமாக இருக்கும் சொல்தொடர்களைக் கொண்டு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுகிறான் என்பது அவர் கண்டது. பாரி 1935இலேயே இறந்துவிட்டார்; உடன் இருந்த ஆல்பர்ட் லார்ட் 1960இல் அதை நூலாக்கினார். ஹோமருக்காக யுகோஸ்லாவியா போனார்கள். அந்த நாட்களில் சேலம் ஜில்லாவில் எத்தனையோ ராத்திரிகள் உடுக்கைப்பாட்டு விடியவிடிய நடந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

இங்கேயும் ஒருவர் வந்தார். கனடாவைச் சேர்ந்த மானிடவியல் அறிஞர் பிரெண்டா பெக், 1960களின் நடுவில் காங்கயம் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கியிருந்து, பல இரவுகள் நீண்ட அண்ணன்மார் கதையை 1965இல் ஒலிநாடாவில் பிடித்தார். கதையை ஆராய்ந்து அவர் எழுதிய நூல் 1982இல் வந்தது. தமிழ்ப் பாடமும் ஆங்கில மொழிபெயர்ப்புமாகக் கதை முழுவதையும் சென்னை ஆசியவியல் நிறுவனம் 1992இல் வெளியிட்டது. கவிஞர் சக்திக்கனல் அண்ணன்மார் சுவாமி கதையைப் பதிப்பித்தார். கலைஞர் மு. கருணாநிதி பொன்னர் சங்கர் நாவல் எழுதினார். அது 2011இல் தியாகராஜன் இயக்கத்தில் படமானது. படம் பார்த்த பலருக்கு அண்ணன்மார் என்றால் குதிரையும் வாளும்தான் நினைவுக்கு வரும். படுகளத்தில் உட்கார்ந்து கேட்டவர்களுக்குத் தங்காளின் குரல் நினைவுக்கு வரும்.

பெக் பதிந்தது ஒரு வட்டாரத்தின் ஒரு பாடம். திருச்செங்கோடு, ராசிபுரம், பரமத்திவேலூர், சங்ககிரி, எடப்பாடிப் பக்கத்துப் பாடகர்கள் வேறு விதமாகப் பாடுவார்கள். பாட்டுக்குப் பாட்டு உறவுமுறை மாறும், தெய்வம் மாறும், யாரை முதலில் தங்கை எழுப்புகிறாள் என்பதுகூட மாறும். ஆடிப் பதினெட்டிலிருந்து மாசி வரை எந்தக் கோயிலில் யார் உடுக்கை எடுக்கிறார் என்று அந்தந்த ஊர் மாணவர்களுக்கே தெரியும். சேலம், நாமக்கல் மாவட்டக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் ஒரே ஒரு கட்டத்தை, தங்காள் களத்தில் இறங்குவதிலிருந்து அண்ணன்மார் மறுபடி படுப்பது வரையிலான கட்டத்தை மட்டும், பாடகருக்குப் பாடகர் முழுதாகப் பதிந்து, அவரவர் பெயரோடும் ஊரோடும் பாட வேறுபாடுகளோடும் அச்சிட வேண்டும். பதியப் போகிறவர்கள் பாடகரிடம் மறக்காமல் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள் உண்டு: வேட்டுவர் வீட்டில் அன்று ராத்திரி யார் அழுதார்கள், சாம்புவனை எழுப்ப யார் வந்தார்கள்.